வாடகை வீட்டின் ஈரக் கணக்கு

சென்னையில் வாடகைக்கு விடும் வீடுகளில் மாறாத ஒரு வழக்கம் உண்டு. குடியிருந்தவர்கள் காலி செய்த மறுநாளே பெயிண்டர் வந்துவிடுவார். உப்பிக் கிடக்கும் இடங்களைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டால் வீடு புதிதாகிவிடும். சித்திரையில் அடுத்த குடித்தனம் பால் காய்ச்சிக் குடிவரும். ஐப்பசியில் மழை பிடித்து, கார்த்திகை முடிவதற்குள் அதே அறையில், அதே மூலையில், ஏறக்குறைய அதே உயரத்தில் பெயிண்ட் மறுபடி கொப்பளிக்கும். பெயிண்ட் உரிவதைவிட, உரியும் இடம் மாறாமல் இருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மேல்மாடி வீடு என்றால் கூரையும் சுவரும் சேரும் ஓரம். தரைத்தளம் என்றால் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை. இடைப்பட்ட மாடிகளில் பெரும்பாலும் குளியலறைச் சுவரின் மறுபக்கம், அதாவது படுக்கையறையில் பீரோ நிற்கும் பக்கம். பெயிண்டின் தரம்தான் காரணம் என்றால் உரிவது வீடெங்கும் பரவலாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் காரணம் பெயிண்டுக்குப் பின்னால் இருக்கிறது. பூட்டு, குழாய், ஸ்விட்ச் என்று வாடகை வீட்டில் பழுதாகக்கூடியவை எத்தனையோ உண்டு; ஆனால் கட்டடத்தின் ஆயுளைக் குறைப்பதும் உரிமையாளரின் பணத்தை விழுங்குவதும் முக்கியமாக நீர்தான். அது எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்து அங்கே நிறுத்த வேண்டும். ஏற்கெனவே உள்ளே போன ஈரம் வெளியேற வழி விட வேண்டும். பெயிண்டெல்லாம் அதற்குப் பிறகு. வழக்கத்தில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதால்தான் செலவு திரும்பத் திரும்ப வருகிறது.

தரைத்தளத்துச் சுவரிலிருந்து தொடங்கலாம். நீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு மண்ணில் இருக்கும் ஈரம் சுவரில் மேல்நோக்கி ஏறுவது எப்படி? செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத புரைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நீர் மூலக்கூறுகளுக்குக் களிமண், சிமெண்ட் போன்ற கனிமப் பரப்புகளோடு ஒட்டும் இயல்பு உண்டு. புரையின் சுவரில் ஒட்டிய நீர், தன் பின்னால் வரும் நீரையும் இழுத்துக்கொண்டு மேலேறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதியால்தான். இதை நுண்துளை ஏற்றம் எனலாம். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும், துளையைப் பாதியாக்கினால் ஏறும் உயரம் இரட்டிப்பாகும் என்பதை 1718இலேயே ஆங்கிலேய மருத்துவரும் விஞ்ஞானியுமான ஜேம்ஸ் ஜூரின் கண்ணாடிக் குழாய்களை வைத்து அளந்து சொன்னார். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையில், அவருடைய விதிப்படி நீர் சுமார் 15 மீட்டர் ஏற முடியும். செங்கல்லிலும் பூச்சிலும் அந்த அளவுப் புரைகள் தாராளமாக உண்டு. அப்படியானால் மூன்று மாடி வீடு உச்சிவரை நனைந்திருக்க வேண்டும். நடப்பில் ஓதம் மூன்றடி, மிஞ்சினால் நான்கைந்து அடியோடு நின்றுவிடுகிறது. கணக்குக்கும் கண்ணால் காண்பதற்கும் ஏன் இந்த வித்தியாசம்?

திரியிலேயே பதில் இருக்கிறது. எண்ணெய் ஏறுகிறது, சுடர் அதை எரித்துக்கொண்டே இருக்கிறது. ஏறுவதும் எரிவதும் சமன்படுகின்றன. சுவரில் சுடருக்குப் பதிலாக ஆவியாதல் வேலை செய்கிறது. அடியில் சுவர் நீரை உறிஞ்சும் வேகமும், இரு பரப்புகளிலும் நீர் ஆவியாகும் வேகமும் சமமாகும் உயரத்தில் ஓதக்கோடு நின்றுவிடும். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஹால், வில்லியம் ஹாஃப் ஆகிய இரு ஆய்வாளர்களும் செங்கல், கல், சுண்ணாம்புக் கலவை ஆகியவற்றின் உறிஞ்சும் வேகத்தை ஆய்வகத்தில் அளந்து, இந்தச் சமநிலையைக் கொண்டே சுவர் ஓதத்தின் உயரத்தை விளக்கலாம் என்று 2007இல் காட்டினார்கள். இந்த விளக்கத்திலிருந்து நேரடியாக ஒரு முடிவு கிடைக்கிறது. வீட்டுக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். ஆவியாகும் வழியை அடைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறும். ஈரம் தெரிகிற மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டினாலோ, நீர் புகாத பெயிண்ட் அடித்தாலோ, அங்கே வெளியேற முடியாத நீர் நான்காவது, ஐந்தாவது அடியில் வெளியேறும். டைல்ஸுக்குச் சற்று மேலே புதிதாக ஓர் ஈரப்பட்டை தோன்றுவது இதனால்தான். டைல்ஸ் ஒட்டியவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார். எடுத்த முடிவுதான் தவறு.

ஈரத்தோடு உப்பும் சேர்ந்து பயணம் செய்கிறது. மண்ணில், செங்கல்லில், கட்டும்போது ஊற்றிய நீரில் கரைந்திருக்கும் உப்புகள் நீரோடு மேலேறுகின்றன. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் தங்கி, படிகமாக வளர்கிறது. சுவரின் வெளிப்பரப்பில் இது நடந்தால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். துடைத்தால் போய்விடும், பெரிய தீங்கில்லை. புரைக்குள், பூச்சின் தோலுக்குச் சற்று உள்ளே நடந்தால்தான் ஆபத்து. இடமில்லாத இடத்தில் வளரும் படிகம் புரைச் சுவர்களைத் தள்ளுகிறது; மழைக்கு நனைந்து கரைகிறது, வெயிலுக்கு உலர்ந்து மறுபடி படிகமாகிறது. சில பருவங்களில் பூச்சு மாவாக உதிரத் தொடங்கும். கொத்தனார்கள் சுவர் பொரிந்துவிட்டது என்பார்கள். ஆயில் பெயிண்ட், பிளாஸ்டிக் எமல்ஷன் போன்றவை நீராவியை எளிதில் விடுவதில்லை. ஆவியாகும் இடத்தை வெளிப்பரப்பிலிருந்து பெயிண்டுக்கு அடியில் தள்ளிவிடுகின்றன. உப்பு அங்கே வளர்ந்து பெயிண்டை எக்கித் தள்ளுகிறது. கொப்புளத்தை நகத்தால் உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபஞ்சாக இருப்பது இதுதான். பழைய சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் நீராவியை விட்டுவிடும். அதனால் அந்தச் சுவர்களில் கறை வரும், கொப்புளம் அரிதாகவே வரும். தரைத்தள ஓதச் சுவர்களில் விலை குறைந்த வெள்ளையடிப்பே விலையுயர்ந்த எமல்ஷனைவிட நன்றாக நிற்கும் என்பது கடைக்காரர் சொல்ல மாட்டாத செய்தி.

பத்து வருட உத்தரவாதத்தோடு விற்கும் நீர்த்தடுப்புப் பூச்சுகள் இருக்கின்றனவே, அவையெல்லாம் பொய்யா என்று கேட்கலாம். பொய் இல்லை. அவற்றில் பல, நீர் வரும் பக்கத்தில் பூசினால் நன்றாகவே வேலை செய்யும். மழை அடிக்கும் வெளிச்சுவரின் வெளிப்பக்கம், மொட்டைமாடியின் மேற்பக்கம், தொட்டியின் உட்பக்கம் ஆகியவை அவற்றுக்கு உரிய இடங்கள். அங்கே நீரின் அழுத்தமே பூச்சைச் சுவரோடு சேர்த்து அமுக்கும். எதிர்ப்பக்கத்தில், அதாவது அறைக்குள் பூசினால், பின்னாலிருந்து வரும் நீரும் உப்பும் அதைச் சுவரிலிருந்து பிரித்துத் தள்ளும். குடித்தனக்காரர் காலி செய்த நான்கு நாளில் வேலையை முடித்தாக வேண்டிய அவசரத்தில், சாரம் கட்டாமல் கை எட்டுவது உட்பக்கம்தான் என்பதால் உள்ளேயே பூசிவிடுகிறார்கள். உத்தரவாத அட்டையைக் கவனமாகப் படித்தால், எந்தப் பரப்பில் பூச வேண்டும் என்ற நிபந்தனை எழுத்தில் இருக்கும்.

மேல்மாடிக்குப் போவோம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மீதி மாதங்களில் மொட்டைமாடி வெயிலில் காய்கிறது. கான்கிரீட் சூட்டில் விரியும், குளிர்ச்சியில் சுருங்கும். 10 மீட்டர் நீளமுள்ள தளம் 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 2 மி.மீ. நீளும். தினமும் பகலில் நீண்டு இரவில் சுருங்கும் தளத்தின் கீழே, நிழலில் இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசையாது. விளைவு, கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் மயிரிழை விரிசல். மேல்மாடிக் கூரை ஓரம் உரிவதற்கு இது ஒரு காரணம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூட்டு இதே அசைவால் பிளந்துகொள்வது இன்னொரு காரணம். இதற்காகத்தான் பழைய கொத்தனார்கள் தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதித்தார்கள். அது வெயிலைத் தடுத்தது, தளத்தின் அசைவைக் குறைத்தது, வாட்டத்தையும் கொடுத்தது. வாட்டம் என்பது மழைநீர்க் குழாயை நோக்கிய சரிவு. 100 அடிக்கு ஓர் அடியாவது இருக்க வேண்டும். தளத்தில் ஈரம் தேங்கும் நேரத்தைப் பொறுத்துத்தான் கசிவின் அளவு இருக்கும். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும் மாடியில் ஓரிரு விரிசல் இருந்தாலும் கீழே தெரியாமல் போகலாம். ஆலிலை அடைத்த குழாய்வாயால் மூன்று நாள் நீர் நிற்கும் மாடியில் புதிய நீர்த்தடுப்புப் பூச்சும் தோற்றுப்போகும்.

கசிவு வேலைகளில் மிக அதிகமான பணம் வீணாவது, கறை தெரியும் இடமே ஓட்டை இருக்கும் இடம் என்று நம்புவதால்தான். தளத்துக்குள் மின்கம்பிகளுக்காகப் புதைத்த குழாய்கள் ஓடுகின்றன. மாடியில் ஒரு மூலையில் நுழைந்த நீர் அந்தக் குழாயில் பத்தடி ஓடி, கூடத்தின் நடுவில் மின்விசிறிக் கொக்கியருகே சொட்டலாம். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே மாடியில் எவ்வளவு சிமெண்ட் பூசினாலும் பயன் இருக்காது. (அப்படிச் சொட்டினால் முதலில் அந்த இணைப்பின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், கொத்தனாரைப் பிறகு கூப்பிடலாம்.) ஆகவே ஊகிப்பதை விட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும். சோதனைகள் எளியவை, செலவும் அதிகமில்லை. மழைநீர்க் குழாய்வாயை அடைத்து, மாடியில் ஓரங்குல உயரம் தண்ணீர் கட்டி ஒரு நாளோ இரண்டு நாளோ பார்ப்பது ஒன்று. மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டினால் எந்தப் பகுதி குற்றவாளி என்பதும் தெரிந்துவிடும். குளியலறை மீது சந்தேகம் என்றால் தரைக் குழியை அடைத்து, சாயம் கரைத்த நீரை நிறுத்தலாம். கீழ்வீட்டுக் கூரையில் அதே நிறம் தெரிந்தால் வாதத்துக்கே இடமில்லை. நிறம் வராமல் ஈரம் மட்டும் நாள் முழுக்க ஒரே அளவில் இருந்தால் அழுத்தமுள்ள நீர்க்குழாயைச் சந்தேகிக்கலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, காலையில் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும். சுவரில் உள்ள ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, ஏ.சி. அறையின் குளிர்ச்சியில் காற்றிலிருந்து படிகிறதா என்று குழப்பம் இருந்தால், சமையலறை அலுமினியத் தாளை ஓரங்களில் இறுக ஒட்டி ஓரிரு நாள் விட வேண்டும். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்தால் காற்றோட்டம்தான் மருந்து.

குளியலறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரைத் தளத்தைத் தாழ்த்தி, குழாய்களை ஓட்டி, மேலே மணலோ ஜல்லியோ நிரப்பி டைல்ஸ் பதிக்கும் முறையில், டைல்ஸ் இடுக்குகளின் வழியே இறங்கும் நீர் அந்த நிரப்பலில் தங்கிவிடுகிறது. டைல்ஸ் நீர் புகாதது. இடுக்குச் சாந்து அப்படியில்லை. குழாய்ச் சொட்டும் சேர்ந்தால் கணக்கு வேகமாக ஏறும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர். மாதம் 600 லிட்டர் நீர் ஒரே இடுக்கில் இறங்குவதைத் தடுக்க ஒரு வாஷர் போதும், அதன் விலை சில ரூபாய்.

இதுவரை சொன்னவை பூச்சுக்கும் பெயிண்டுக்கும் நேரும் கேடுகள். அழகு கெடும், சுவர் நிற்கும். கூரைத் தளத்தில் கதை வேறு. அங்கே உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. கான்கிரீட்டில் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை. காரணம், சிமெண்ட் மிகக் கடுமையான காரத்தன்மை உடையது. புதிய கான்கிரீட்டின் புரைநீரில் பி.எச். அளவு 12.5க்கு மேல். இந்தக் காரத்தில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, அதற்குமேல் துருவேறாமல் காக்கிறது. இந்தக் காப்பை இரண்டு வழிகளில் இழக்கலாம். காற்றிலுள்ள கரியமில வாயு புரைகள் வழியே நுழைந்து காரத்தோடு வினைபுரிந்து அதைச் சுண்ணக் கல்லாக மாற்றும், பி.எச். 9க்கும் கீழே இறங்கிவிடும். இது கார்பனேற்றம். மற்றொன்று குளோரைடு, அதாவது உப்பு. காரம் குறையாவிட்டாலும் குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். கடற்காற்று மட்டுமே இதற்குக் காரணமில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு. கடலோரப் பகுதிகளில் உவர்ப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காமல் ஊற்றிக் கட்டிய வீடுகள், பிறக்கும்போதே நோயோடு பிறந்தவை.

கார்பனேற்றம் எப்படி முன்னேறுகிறது என்பதில்தான் பராமரிப்புக் கணக்கின் சூட்சுமம் இருக்கிறது. உள்ளே போகப் போக வாயு கடக்க வேண்டிய தூரம் கூடுவதால் வேகம் குறைந்துகொண்டே போகும். 10 மி.மீ. ஆழத்துக்கு 10 ஆண்டு ஆனது என்றால், 20 மி.மீ.க்கு 20 ஆண்டு போதாது, சுமார் 40 ஆண்டு ஆகும். இதைத் திருப்பிப் படித்தால் அச்சமாக இருக்கும். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே இருக்க வேண்டிய கான்கிரீட் மூடாக்கு, சாதாரணச் சூழலில்கூட 20 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது விதி. தளம் போடும்போது கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமலோ, வைத்ததை மிதித்துத் தள்ளியோ அது 10 மி.மீ. ஆகிவிட்டால், பாதுகாப்புக் காலம் பாதியாகக் குறைவதில்லை, நான்கில் ஒன்றாகிவிடுகிறது. ஒரே வயதுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றில் காரை பெயர்ந்து, இன்னொன்றில் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு இது போதுமான விளக்கம். எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்பதை நேரில் பார்க்கவும் முடியும். பள்ளி ஆய்வகத்தில் பயன்படும் பினாப்தலீன் கரைசலை, புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளித்தால், காரம் மிச்சமுள்ள பகுதி அடர் ரோஜா நிறமாகும். கார்பனேறிய பகுதி நிறமில்லாமல் அப்படியே இருக்கும். நிறமற்ற பட்டை கம்பியைத் தொட்டுவிட்டதா என்று ஓர் அளவுகோலை வைத்தே சொல்லிவிடலாம்.

ஸ்வீடனைச் சேர்ந்த கியோஸ்தி தூத்தி 1982இல் கம்பியின் ஆயுளை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். கார்பனேற்றமோ குளோரைடோ கம்பியை எட்டும் வரை உள்ளது தொடக்கக் காலம். அப்போது வெளியே எந்த அடையாளமும் இருக்காது. எட்டியபின் துருவேறுவது பரவல் காலம். முதலாவது பல பத்தாண்டுகள் நீளலாம். இரண்டாவது, ஈரம் கிடைத்தால், மிகக் குறுகியது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு இழுவிசையைத்தான் தாங்கும். ஆகவே கம்பியின் மேற்பரப்பில் 0.1 மி.மீ.க்கும் குறைவான ஆழம் துருவாக மாறினாலே மூடாக்கு பிளந்துவிடும். கூரையில் முதலில் கம்பியின் போக்கிலேயே ஒரு நேர்க்கோட்டு விரிசலும் பழுப்புக் கறையும் தெரியும். பிறகு சுத்தியலால் தட்டினால் பொக்கென்று ஒலிக்கும். அப்புறம் ஒருநாள் காரை கட்டியாகப் பெயர்ந்து விழும். கார்பனேற்றம் நடந்துமுடிந்த கான்கிரீட்டிலும், ஈரம் இல்லாவிட்டால் துரு மிக மெதுவாகத்தான் ஓடும் என்பது இதில் ஆறுதலான செய்தி. போன காரத்தை நம்மால் எளிதில் திருப்ப முடியாது. ஈரத்தை நிறுத்த முடியும். மாடி நீர்த்தடுப்பும் குளியலறை இடுக்குச் சாந்தும் கட்டடத்தின் பலத்தைப் பற்றிய விஷயமாவது இப்படித்தான்.

காரை விழுந்த இடத்தில் நடக்கும் வழக்கமான வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் லேசாகத் தேய்த்து, சிமெண்ட் கலவையை அப்பி, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஓரிரு ஆண்டில் ஒட்டு நன்றாக இருக்கும், அதன் பக்கத்தில் புதிதாகக் காரை விழும். துருவேறுதல் ஒரு மின்வேதி நிகழ்வு. ஒரே கம்பியில் ஓர் இடம் கரையும், இன்னோர் இடம் எலக்ட்ரான்களைப் பெற்றுக் காக்கப்படும். ஒட்டுப் போட்ட இடத்தில் புதிய காரம் வந்ததும் அந்தப் பகுதி காப்புள்ளதாகி, அதை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி கரையும் பகுதியாகிவிடுகிறது. இது ஊகமாகச் சொன்னதில்லை. தாமிரச் சல்பேட் மின்முனையைக் கான்கிரீட் மேல் நகர்த்தி, கம்பியின் மின்னழுத்தத்தை இடம் இடமாக அளந்து வரைபடம் எடுக்கும் முறை உண்டு. அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே துருவேறிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்று கொள்வது வழக்கம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களையும் காப்புப் பூச்சுகளையும் உப்புக் காற்றில் வைத்துப் பல ஆண்டுகளாகச் சோதித்து வரும் நிறுவனம். நம் கடலோரத்துக்கு என்ன பொருந்தும் என்பதற்கு உள்ளூரிலேயே அறிவு இருக்கிறது. சரியான ஒட்டு வேலை என்றால், கெட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளப்பாகச் சுத்தம் செய்து, காப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பி குறிப்பிடத்தக்க அளவு மெலிந்திருந்தால் கொத்தனாரை விட்டுவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரிடம் போக வேண்டும்.

வாடகை வீட்டுக்கு இவ்வளவா என்ற ஆட்சேபம் நியாயமானதே. பெருநகரங்களில் வாடகை, வீட்டு விலையில் இரண்டு முதல் நான்கு சதவீதம்தான் தேறுகிறது. அதிலும் பராமரிப்புக்கு எடுத்தால் என்ன மிஞ்சும்? இதற்கு 1984இல் டி சிட்டர் என்ற டச்சுப் பொறியாளர் ஒரு விதி சொன்னார். கட்டும்போது ஒரு ரூபாயில் செய்ய வேண்டியதைத் தவறவிட்டால் பராமரிப்பில் 5 ரூபாய், அதையும் விட்டால் பழுதுபார்ப்பில் 25 ரூபாய், அதையும் விட்டால் சீரமைப்பில் 125 ரூபாய். ஐந்து என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அது தோராயமாக வைத்த எண். ஆனால் செலவு படிப்படியாக ஏறாமல் தாவித் தாவி ஏறும் என்ற கருத்து, மேலே பார்த்த இரண்டு கட்டங்களோடு ஒத்துப்போகிறது. தொடக்கக் காலத்தில் செய்யும் வேலை குழாய்வாய் சுத்தம், விரிசல் அடைப்பு, வாட்டம் சரிசெய்தல். பரவல் காலத்தில் அதே வீட்டுக்குச் சாரமும் முட்டும் வேண்டும், வீடும் காலியாக இருக்க வேண்டும். மாதம் 20,000 ரூபாய் வரும் வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் வேலைக்கூலி போக 40,000 ரூபாய் தனியாகப் போயிற்று. எங்கள் தாத்தா கட்டிய வீடு ஒரு பராமரிப்பும் இல்லாமல் எண்பது ஆண்டாக நிற்கிறதே என்பார்கள். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் அப்படிச் சில வீடுகள் நிற்பது உண்மைதான். அவை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டவை. தேக்கு உத்திரங்களும் சுண்ணாம்பில் பதித்த செங்கற்களும்தான் கூரை, துருவேற உள்ளே கம்பியே இல்லை. தவிர, விழுந்துபோன வீடுகளை இன்று யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

இன்னொரு வாதம், கெடுப்பதெல்லாம் குடித்தனக்காரர்கள், செலவு மட்டும் நம் தலையிலா என்பது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டமைப்புப் பழுதுகள், சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளருடையவை. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருடையவை. குடியிருப்பவர் சேதப்படுத்தியதால் வந்த கட்டமைப்புப் பழுது உரிமையாளர் கணக்கில் சேராது. பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவியல் இந்தக் கோட்டைக் கடந்து ஓடுகிறது. குடித்தனக்காரர் மாற்றாத வாஷரின் நீர் உரிமையாளரின் கம்பியைத் தின்கிறது. உரிமையாளர் சரிசெய்யாத கசிவின் பூஞ்சை குடித்தனக்காரரின் குழந்தைக்கு மூச்சிரைப்பைக் கூட்டுகிறது. முதல் கறையைப் பார்ப்பவர் எப்போதும் குடியிருப்பவர்தான். அவர் சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவார்கள், காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்து மறைத்தால், உரிமையாளர் இழப்பது அந்தத் தொடக்கக் காலத்தைத்தான். புகார் சொல்லும் குடித்தனக்காரரைத் தொல்லை என்று நினைக்கும் உரிமையாளர்கள் தமக்கு இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கையை வேண்டாம் என்கிறார்கள்.

வேலையைச் செய்யும் காலமும் முக்கியம். மாடியையும் வெளிச்சுவரையும் கோடையில் சோதித்து, ஆடிக்குள் அடைத்துவிட வேண்டும். புரட்டாசியில் குழாய்வாய்களைச் சுத்தம் செய்தால் போதும். முழுக்க நனைந்த ஒன்பது அங்குலச் சுவர் உலர மாதக் கணக்கில் ஆகும் என்பதால், மழை நின்ற கையோடு தை மாதத்தில் பெயிண்ட் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். பங்குனி, சித்திரை வரை பொறுக்கலாம். பணம் எங்கே என்றால், அதற்கும் வருமான வரிச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆண்டு வாடகையில் உரிமையாளர் கட்டிய வீட்டுவரியைக் கழித்தபின் மீதியில் 30 சதவீதத்துக்கு வருமான வரி கிடையாது. பழுதுபார்த்த ரசீது ஒன்றைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. செலவே செய்யாதவருக்கும் அந்தக் கழிவு உண்டு. வீட்டின் பெயரைச் சொல்லி ஆண்டுதோறும் பெறும் அந்தச் சலுகையில் ஒரு பகுதியையாவது, மழைக்கு முன்னால் மொட்டைமாடியில் செலவிடுங்கள்.